ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது? குமரி மாவட்டத்துப் பெற்றோருக்கு மூன்று வாசல்கள்

மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டு வராந்தாவில் டியூஷன் தொடங்கும். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பதினொரு வருடமாக நடத்துகிறேன். இப்போது ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். நான்கு பேர் அரசுப் பள்ளி, மூன்று பேர் அரசு உதவிபெறும் பள்ளி, இரண்டு பேர் மெட்ரிக்குலேஷன். சீருடை மாற்றாமல் வருகிற நாளில் பாய் முழுக்க மூன்று நிறமாக இருக்கும். என்னைக் கூப்பிடுவதிலேயே யார் எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் டீச்சர். மெட்ரிக் பிள்ளைகளுக்கு மிஸ். கன்னியர் மடத்துப் பள்ளியில் படிக்கும் ஒருத்தி அவசரத்தில் சிஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

போன மார்ச்சில் என் தங்கச்சி போன் செய்தாள். அவள் வீடு திங்கள்சந்தைப் பக்கம். வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். மகள் எல்கேஜி முதல் ஒரு மெட்ரிக் பள்ளியில் படிக்கிறாள், அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். "அக்கா, பிள்ள அஞ்சு முடிக்கப் போகுது. ஆறுல எங்க போடணும்னு நீயே சொல்லு. அவரு பெரிய மெட்ரிக் ஸ்கூல்ல போடுங்காரு. மாமி கவர்மென்ட் போதும்ங்காங்க. எனக்கு ஒண்ணும் ஓடல்ல." ஒரு வாரம் யோசித்துத்தான் அவளுக்குப் பதில் சொன்னேன். அவளிடம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் சேர்த்து எழுதுகிறேன். மே மாதம் இதே குழப்பத்தோடு நிறைய வீடுகள் இருக்கும்.

முதலில் ஒன்று. நம் மாவட்டத்தில் அரசா தனியாரா என்று இரண்டாகப் பிரித்துப் பேசினால் கணக்கு தப்பும். இங்கே வாசல் மூன்று. நடுவில் நிற்கும் உதவிபெறும் பள்ளிதான் குமரியின் பழைய பள்ளி. 1806-இல் லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து, சில ஆண்டுகளில் அங்கே பள்ளி தொடங்கினார். பிறகு மீட் ஐயர் காலத்தில் லண்டன் மிஷனின் வேலை நாகர்கோவிலை மையமாகக் கொண்டு வளர்ந்தது. பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வந்தது. 1817-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று ஆணை போட்டார். ஆணை இருந்தாலும் அரசுப் பள்ளியின் திண்ணை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அப்போது திறக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோள்சீலை போட்டு மார்பை மறைப்பதற்கே 1859 வரை போராட வேண்டியிருந்த மண் இது. அரசுப் பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைகளை உட்காரவைத்தவை அந்த மிஷன் பள்ளிகள். பிற்பாடு கத்தோலிக்க மறைமாவட்டங்களும் இந்து அமைப்புகளும் ஊர்க்காரர்களும் பள்ளிகள் கட்டினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டமாக நாம் நின்றதற்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன.

இந்த உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, நிர்வாகம் சபையோ மடமோ அறக்கட்டளையோ பார்த்துக்கொள்கிறது. சத்துணவும் இலவசப் புத்தகமும் உண்டு. வெளியூர்க்காரர்கள் இதையும் தனியார் பள்ளி என்றே எண்ணிக்கொள்வார்கள். உள்ளூரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஒரே காம்பவுண்டுக்குள் உதவிபெறும் தமிழ்வழி வகுப்பும் இருக்கும், கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கிலவழி வகுப்பும் இருக்கும். வாசலில் ஒரே போர்டு. அதனால் சேர்க்கும்போது, "இந்த செக்ஷன் எய்டடா, செல்ப் பைனான்ஸா" என்று அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். பிற்பாடு வரும் உதவித்தொகை பலவும் இந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

அடுத்து பாடத்திட்டம். இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 2010-இல் வந்த சமச்சீர் கல்விச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் என்பது பெயர்தான். 2011-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. என் பாயில் உட்காரும் மூன்று நிறச் சீருடையும் திறப்பது ஒரே கணக்குப் புத்தகத்தை, எழுதப்போவது ஒரே பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை. ஒருவருக்கு அது இலவசம், இன்னொருவர் காசு கொடுத்து வாங்குகிறார். சிபிஎஸ்இ வேறு கதை. அடிக்கடி வெளிமாநிலம் மாற்றலாகும் வேலையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். நம் ஊரிலேயே இருந்து தமிழ்நாட்டிலேயே மேல்படிப்புக்குப் போகப்போகிற பிள்ளைக்கு அதில் தனி லாபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, புத்தகம் ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே? தங்கச்சியிடம் முதலில் பணத்தை எழுதச் சொன்னேன். வீட்டுக்காரர் சொன்ன பெரிய மெட்ரிக் பள்ளியில் விசாரித்து வந்து எழுதினாள். கட்டணம் 28,000. வேனுக்கு மாதம் 1,100 வீதம் பத்து மாதம். புத்தகம், நோட்டு, டைரி, அடையாள அட்டை எல்லாம் சேர்ந்து 5,500. இரண்டு வகைச் சீருடையும் ஷூவும் 3,500. கூட்டினால் 48,000. ஆண்டுவிழா உடை, சுற்றுலா, ஸ்பெஷல் கிளாஸ் கணக்கில் வரவில்லை. ஏழு வருடம் இப்படிப் போனால், கட்டணம் ஏறாமலே இருந்தாலும், மூன்று லட்சத்தைத் தாண்டும். "அக்கா, இது அவளுக்கு காலேஜுக்குள்ள பைசால்லா" என்றாள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. அந்தந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்கிறவர்கள் குறைவு.

கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்டு. ஆனால் 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய என்பதால், நினைத்த பள்ளியில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்பிக்கை வையுங்கள்.

இப்போது ஆறாம் வகுப்பு ஏன் முக்கியம் என்பதற்கு வருகிறேன். இதை அறியாமல் இரண்டு வருடம் தள்ளிப்போட்டு வருந்திய பெற்றோரை எனக்குத் தெரியும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். முக்கிய நிபந்தனை இதுதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டிலோ ஒன்பதிலோ மாறினால் இந்த வாசல் மூடிவிடும். எட்டு வரை 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதவிபெறும் பள்ளிக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. குமரியில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பெரும் அளவில் உதவிபெறும் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகளும் வள்ளத்தில் போகிறவரின் மகனும் அங்கே இருக்கிறார்கள். கட்டடம் யாருடையது என்பதை வைத்து அவர்களை வெளியே நிறுத்துவது சரியில்லை என்பது என் எண்ணம். இந்தக் கோரிக்கையைத் தொடர்ந்து எழுப்பவேண்டும். ஆனால் இன்று பள்ளி தேர்வு செய்பவர் இன்றைய விதியை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்.

மேல்படிப்புக்குப் போனதும் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2024 முடிவில் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் வந்துவிட்டது. ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன். எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000. அது அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், வருமான வரம்பும் உண்டு. எங்கள் வராந்தாவில் இரண்டு பேர் அதற்குத்தான் இப்போது சனிக்கிழமைதோறும் மனத்திறன் கேள்விகள் போட்டுப் பழகுகிறார்கள்.

பயிற்றுமொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவு நிறைய வந்துவிட்டது. மெட்ரிக்கிலிருந்து வரும் பிள்ளைக்கு அது எளிது. ஆனால் தமிழ்நாடு அரசு வேலையில் தமிழ்வழிப் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். குரூப் தேர்வு கனவு காணும் வீடுகள் எல்கேஜிக்கு முன்பே யோசிக்கவேண்டிய விஷயம் இது. தங்கச்சி மகளுக்கு அந்த வண்டி போய்விட்டது. அவளுக்கு ஆங்கிலவழிப் பிரிவு இருக்கும் பள்ளியாகப் பார்ப்பதே நல்லது. களியக்காவிளை, பளுகல் பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மலையாளம் கற்பிக்கும் பள்ளிகள் விளவங்கோடு பகுதியில் இருக்கின்றன, ஆனால் தமிழைப் படித்தே ஆகவேண்டும். முதல் வகுப்பிலிருந்தே தமிழ் எழுதப் பழக்கினால் பத்தாம் வகுப்பில் பிள்ளை திணறாது.

பணமும் சலுகையும் இவ்வளவுதான். தாளில் எழுதினால் ஒரு மணி நேரத்தில் முடியும் கணக்கு. தங்கச்சி உண்மையில் பயந்தது வேறு ஒன்றுக்கு. "அங்க உள்ள பிள்ளையளு எப்படியிருக்கும் அக்கா? நம்ம பிள்ள கெட்டுப் போயிருமா?" பள்ளியில் பிள்ளைகளின் பழக்கவழக்கம் எப்படி என்பதுதான் அவள் கேள்வி. எந்தப் பள்ளிக் கையேட்டிலும் இது அச்சாகி வராது. பதினொரு வருடமாக எதிரே உட்கார்ந்து பார்க்கிற எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

மெட்ரிக் பிள்ளைகள் ஐந்தரைக்கு வரும்போது முகத்தில் களைப்பு இருக்கும். காலை ஏழே காலுக்கு வேன். ஆறு ஊர் சுற்றித்தான் பள்ளி சேரும், திரும்பும்போதும் அப்படியே. மழைக்காலத்தில் இன்னும் தாமதம். நமக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளை நாலரைக்கு நடந்து வீட்டுக்கு வந்து, கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் தின்று, அரைமணி நேரம் விளையாடிவிட்டு வேர்வையோடு வரும். ஏழு மணிக்கு மெட்ரிக் பையன் கொட்டாவி விட ஆரம்பிக்கும்போது இவன் புதிதாக ஒரு கணக்குக் கேட்பான். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வேனுக்குள் போவதை நாம் படிப்புக் கணக்கில் எழுதுவதில்லை. அதையும் எழுதவேண்டும்.

பேச்சு வேறு மாதிரி. வகுப்புத் தேர்வு முடிந்த அன்று மெட்ரிக் பிள்ளைகள் இருவரும் உட்காருவதற்கு முன்பே, "உனக்கு எவ்ளோ?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஒரு மார்க் குறைந்தவள் விடைத்தாளை மடித்து உள்ளே வைத்துவிடுவாள். வாரத்துக்கு மூன்று தேர்வு என்றால் அந்தப் பேச்சு இயல்புதான், குறை சொல்ல மாட்டேன். எழுத்து அழகு, தலைப்புக்கு அடிக்கோடு, எடுத்த படியை விடாமல் எழுதுவது, வீட்டுப்பாடத்தை அன்றே முடிப்பது, இதெல்லாம் அங்கே கைவரும். அந்த நோட்டை எடுத்து மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டி, "இப்படி எழுதணும் மக்களே" என்று பல முறை சொல்லியிருக்கிறேன். அரசுப் பள்ளியில் நன்றாகத் தெரிந்த பதிலையே இரண்டு வரியில் எழுதி முடித்துவிட்டு மார்க்கை இழக்கிற பிள்ளைகள் நிறைய. ஒருவர் வராவிட்டால் மெட்ரிக் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பாடம் வந்துவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளை வராவிட்டால் கூட்டாளி செய்தி கொண்டுவருவான். "அவன் வீட்டுல கிழங்கு பிடுங்குதாங்க டீச்சர், நாளைக்கித்தான் வருவான்." வீட்டு வேலைக்காகப் பள்ளி நிற்பது அங்கே இன்னும் இருக்கிறது. அது உண்மையான பலவீனம்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு ஆங்கிலவழி அறிவியலிலிருந்து ஒரு பத்தி கொடுத்து இரண்டு பேரைப் படிக்கச் சொன்னேன். மெட்ரிக் சிறுமி தடங்கலே இல்லாமல், குரல் ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். ஆவியாதல் என்றால் என்ன என்று கேட்டேன். ஆங்கிலத்தில் வரையறை வரி மாறாமல் வந்தது. "சரி, மாடியில கொப்பரை காயுதே, அது எப்படிக் காயுது?" நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேச்சு நின்றுவிட்டது. அரசுப் பள்ளிப் பையன் அந்தப் பத்தியைப் படிக்க மூன்று இடத்தில் திக்கினான், ஒரு சொல்லை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கொப்பரைக் கேள்வி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "வெயிலும் வேணும், காத்தும் வேணும் டீச்சர். மழைக்காறு போட்டா பூசணம் பிடிச்சிரும். எங்கப்பா அப்ப புகை போடுவாரு."

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் அரசுப் பள்ளி ஜெயித்ததாக ஆகிவிடும். அது நியாயமில்லை. அந்தப் பையன் வீட்டில் தேங்காய் வியாபாரம். கொப்பரையை அவனுக்குப் பள்ளி சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தச் சிறுமியின் அம்மா கல்லூரியில் வேலை பார்க்கிறார், வீட்டில் ஆங்கிலப் பேப்பர் வருகிறது. அவள் படிக்கிற வேகத்தையும் பள்ளி மட்டும் கொடுக்கவில்லை. பள்ளியின் சாதனை என்று நாம் பெயர் எழுதுகிற பலதும் வீட்டிலிருந்து பிள்ளை சுமந்து வருவது. ஒரு பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி பிளெக்ஸைப் பார்க்கும்போது, அந்தப் பிள்ளைகள் எந்த வீடுகளிலிருந்து வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த இரண்டு பேரையும் நான் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தேன். இப்போது அவன் திக்காமல் படிக்கிறான், அவள் "ஏன்" என்று கேட்கிறாள்.

பள்ளி தருவது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது. கட்டணம் வாங்கும் பள்ளியில் ஏறக்குறைய ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள்தான் சேர்வார்கள். அதோடு நம் மாவட்டத்தில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. சிஎஸ்ஐ வீட்டுப் பிள்ளை சபைப் பள்ளிக்கு, கத்தோலிக்கப் பிள்ளை மடத்துப் பள்ளிக்கு, இந்து வீட்டுப் பிள்ளை அவர்கள் ஆட்கள் நடத்தும் பள்ளிக்கு என்று தானாகப் பிரிந்துவிடும். நல்ல உதவிபெறும் பள்ளிகள் எல்லாரையும் சேர்க்கின்றன, அதையும் சொல்லவேண்டும். நானே அப்படி ஒரு சபைப் பள்ளியில் படித்தவள். எங்கள் வகுப்பில் நெற்றியில் நாமம் இட்ட அய்யாவழிப் பிள்ளையும் தட்டம் போட்ட பிள்ளையும் இருந்தார்கள், காலை ஜெபப் பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம். இருந்தாலும் கடற்கரை ஊரும் உள்ளூரும், கூலி வேலை வீடும் அரசு வேலை வீடும், இப்போது செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவது அரசுப் பள்ளியில் அதிகம். 1982-இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொதியிலிருந்து சோறு தின்ற பிள்ளைகளுக்கு நாளை ஒருவரையொருவர் பயந்து பார்க்கத் தோன்றாது என்று நான் நம்புகிறேன். எனக்கு இது 7.5 சதவீதத்தைவிடப் பெரிய காரணம். தங்கச்சிக்கு அப்படி இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

கெட்டவார்த்தை, சண்டை, பாக்குப் பொட்டலம், செல்போன். அரசுப் பள்ளி என்றாலே பெற்றோர் இந்த நாலையும் சொல்வார்கள். என் வராந்தாவில் மூன்று சீருடையிலும் கெட்டவார்த்தை கேட்டிருக்கிறேன். செல்போன் சிக்கலை மெட்ரிக் பிள்ளைகளிடம்தான் அதிகம் பார்த்தேன், ஏனென்றால் போன் அவர்கள் கையில்தான் முதலில் வந்தது. இது பள்ளியின் வகையைவிடத் தலைமையாசிரியரைப் பொறுத்தது. காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கிற தலைமையாசிரியர் இருக்கும் பள்ளியில் பாதிச் சண்டை வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும். கண்டிப்பு என்ற பெயரில் அடிக்கிற பள்ளியை நல்ல பள்ளி என்று நினைக்கவேண்டாம். அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் கட்டாயக் கல்விச் சட்டம் தடை செய்திருக்கிறது. தமிழில் பேசியதற்காக வகுப்பில் எழுந்து நிற்கவைத்தார்கள் என்று ஒரு பிள்ளை என்னிடம் அழுதிருக்கிறது. ஆங்கிலம் வரவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, ஆனால் வீட்டு மொழியைக் குற்றமாக்கி அதைக் கொண்டுவர முடியாது.

அரசுப் பள்ளியின் குறைகளையும் தங்கச்சியிடம் ஒளிக்கவில்லை. தொடக்கப் பள்ளி என்றால் சில இடங்களில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்று ஒருவர்தான். உயர்நிலைப் பள்ளியில் கணக்குக்கோ அறிவியலுக்கோ ஆள் மாற்றலாகிப் போய், அடுத்தவர் வர மாதக்கணக்கில் ஆவதுண்டு. கழிப்பறையைக் கட்டிவிடுவார்கள், கழுவ ஆள் இருக்காது. ஆசிரியர்களுக்கு மாணவர் விவரத்தை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவும் கணக்கெடுப்பும் சேர்ந்து பாட நேரத்தைத் தின்கிறது. இன்னொரு பக்கம், அரசுப் பள்ளியில் அண்மை ஆண்டுகளில் முறைப்படி நியமனம் பெற்ற ஆசிரியர் தேர்வைத் தாண்டி வந்தவர். சின்னத் தனியார் பள்ளிகளில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இளம் ஆசிரியைகள் வருடத்துக்கொருவர் மாறுவதைப் பார்க்கிறேன். அவர்கள் உழைப்பில் குறையில்லை. நிலையில்லாத வேலை அது. கற்றலில் சிரமப்படும் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், சிறப்பாசிரியர் ஏற்பாடு பெரும்பாலும் அரசுப் பக்கம்தான் இருக்கிறது.

ஆக, வயதை வைத்துப் பார்த்தால் என் கணிப்பு இப்படி. ஒன்று முதல் ஐந்து வரை நடந்து போகும் தூரத்தில் நல்ல டீச்சர் இருக்கும் அரசு அல்லது உதவிபெறும் பள்ளி. காலை உணவு 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும், 2024 ஜூலையில் ஊரகத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. விடியற்காலையில் ரப்பர் வெட்டப் போகும் வீட்டுக்கும், கடற்கரையில் மீன் ஏலத்துக்குப் போகும் வீட்டுக்கும் அந்தக் கிச்சடியும் சாம்பாரும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த அம்மாக்கள் சொல்லிக் கேட்கவேண்டும். ஆறில், பாடத்துக்கு ஆசிரியர் இருந்தால், அரசுப் பள்ளி. இல்லாவிட்டால் உதவிபெறும் பள்ளி. பிள்ளை ஏற்கெனவே ஒரு மெட்ரிக் பள்ளியில் மகிழ்ச்சியாக இருந்து, வீட்டுக்குக் கடன் வாங்காமல் கட்ட முடிந்து, வேன் தூரமும் குறைவென்றால் அவளைப் பிடுங்கி நடவேண்டியதில்லை. பதினொன்றில் கேட்கவேண்டியது அந்த குரூப்புக்கு ஆசிரியரும் ஆய்வகமும் இருக்கிறதா என்பது.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு நாள் பள்ளிக்கு நேரில் போகச் சொன்னேன். அட்மிஷன் நாளில் போகவேண்டாம், அன்று எல்லாப் பள்ளியும் அழகாக இருக்கும். பதினொரு மணி இன்டர்வெல் மணி அடிக்கும்போது வாசலில் நிற்கவேண்டும். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், ஆசிரியரைப் பார்த்ததும் ஒதுங்குகிறார்களா, பேசுகிறார்களா என்று பார்க்கவேண்டும். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்கு உள்ளே போய்ப் பார்க்கவேண்டும், தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா. நூலக அலமாரியின் சாவி யாரிடம் என்று கேட்கவேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம், "கணக்கு சாரு வந்துட்டு இருக்காரா?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெரும்பான்மை பெற்றோர்கள்தான். தாழ்ப்பாள் இல்லையென்றால் அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

தங்கச்சி மூன்று பள்ளிக்குப் போனாள். பெரிய மெட்ரிக் பள்ளியில் வரவேற்பறையைத் தாண்டி உள்ளே விடவில்லை. உதவிபெறும் பள்ளியில் தலைமை ஆசிரியையே கூட நடந்து காட்டினார், ஆனால் அங்கே ஆங்கிலவழி சுயநிதிதான். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒரு கழிப்பறைக் கதவு உடைந்திருந்தது, ஆங்கிலவழிப் பிரிவு இருந்தது, ஐந்து பாடத்துக்கும் ஆசிரியர் இருந்தார்கள். மகளையும் கூட்டிப்போயிருந்தாள். திரும்பி வரும் வழியில் அவள் ஒன்றுதான் கேட்டாளாம், அங்கே கோகோ ஆடும் அந்த மண்ணில் ஆறாம் வகுப்பையும் சேர்ப்பார்களா என்று.

வீட்டுக்காரரிடம் அரைமணி நேரம் போனில் பேசி, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கிவிட்டாள். பழைய பள்ளியில் டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ், தரத் தாமதம் செய்தால் என்ன செய்வது என்று பயந்தாள். எட்டாம் வகுப்பு வரை டிசி வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கட்டாயக் கல்விச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவே சொல்கிறது, எமிஸ் எண்ணும் ஆதாரும் எடுத்துக்கொண்டு போ என்றேன். ஜூன் முதல் வாரம் சேர்த்தாயிற்று. அன்று நல்ல மழை. சாயங்காலம் பிள்ளை என் வீட்டுக்கு வந்து, பையிலிருந்து ஈரமான எவர்சில்வர் தட்டை எடுத்து திண்ணையில் கவிழ்த்து வைத்தாள். "பெரியம்மா, முட்டை ரெண்டாவது கேட்டா தர மாட்டாங்களாம். ஆனா பக்கத்துல இருந்தவ முட்டை தின்ன மாட்டாளாம், எனக்குத் தந்தா."

மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை. கதவைப் பற்றிக் கேட்க தங்கச்சி போகிறாள்.